ஏழு மாதம் பன்னிரண்டு நாள்

திருச்சி,
12-6-2003

அன்புள்ள தம்பி திரவியத்துக்கு அக்கா பகவதி எழுதுவது. நீயும் சூடாமணியும் பிள்ளைகளும் நலம்தானே? கரமனையில் மழை பிடித்துவிட்டதா? இங்கே திவ்யலட்சுமி சுகம். நானும் சுகம் என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.

வயிற்றில் கட்டி என்கிறார்கள். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமாம். மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மாள் தள்ளிப்போடாதே என்கிறாள். சாவுக்கு நான் பயப்படவில்லை தம்பி. ஆனால் திவ்யாவுக்கு இருபது வயசுதான் ஆகிறது, அப்பாவும் இல்லை. கெட்ட நேரத்தில் கத்திக்குக் கீழே படுத்து அவளை நடுத்தெருவில் விட மாட்டேன்.

இங்கே இரண்டு ஜோசியர்களைப் பார்த்தேன். ஒருவர் இப்போதே செய் என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். எனக்கு நம்பிக்கை உன் அத்தானின் மெஷின் மேல்தான். பழவங்காடியில் அவர் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டபோது சிரிக்காதவர்கள் கிடையாது. ஆனால் அது சொன்னது தப்பவில்லையே! தொண்ணூற்றிரண்டில் அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் என்றபோது, நடப்பது மாரக காலம், உயிருக்கு ஆபத்து, அது முடிய ஏழு மாதம் பன்னிரண்டு நாள் என்று சொன்னது. அத்தானும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். அந்த ஏழு மாதத்துக்குள்ளேயே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த மெஷின் உன் வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது? நீ கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். அதைச் சரியாக்கி, என் பெயருக்கு நடப்புப் பலன் தாள் ஒன்று எடுத்து அனுப்பு. அது நல்ல நேரம் என்றால் மறுநாளே போய்ப் படுக்கிறேன்.

விடுதிக்குப் போன் செய்யாதே. வார்டன் அம்மாவான எனக்குப் போன் என்றால் நாற்பது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சூடாமணிக்கு என் அன்பு.
உன் அக்கா பகவதியம்மாள்


கரமனை,
21-6-2003

அன்புள்ள அக்காவுக்குத் திரவியம் எழுதுவது. உன் கடிதம் படித்ததும் சூடாமணி அழுதுவிட்டாள். நாங்கள் எல்லோரும் நலம். நீ மாத்திரைகளை விடாமல் சாப்பிடு.

மெஷினைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். நீ கோணிப்பையில் கட்டிக் கொடுத்த கட்டு அப்படியே இருந்தது. கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே அத்தானின் சந்தனம் இன்னும் காய்ந்து கிடக்கிறது. அதைத் தட்டி எடுக்க மனசு வரவில்லை.

மூடியைத் திறந்தால் உள்ளே மோசம். மெஷினுக்கு நாளும் மணியும் நினைவில் இருப்பதற்காக ஒரு சின்ன பேட்டரி வைத்திருப்பார்கள். மூன்று மாத்திரையை ஒன்றாகச் சேர்த்து நீல உறை போட்ட மாதிரி இருக்கும். அது கசிந்து, பலகையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது. மயிரிழை மாதிரி ஓடும் செப்புக் கோடுகளை அந்த உப்பு தின்றுவிட்டது. எப்போது கசியத் தொடங்கியதோ தெரியவில்லை.

சாலைக் கடைத்தெருவில் வினிகர் வாங்கி வந்து, பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கழுவின இடத்திலேயே மறுபடி பச்சை துளிர்த்திருக்கிறது. சூடாமணி அதை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்கிறாள். “அண்ணன் உயிரு போன சாமானாக்கும், கேட்டுதா” என்று முன்வாசலிலேயே மறித்துக்கொண்டாள். கடையின் பின்னறையில் வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

இது எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்காக நீ காத்திருக்காதே அக்கா.

உன் தம்பி திரவியம்


திருச்சி,
30-6-2003

அன்புள்ள திரவியத்துக்கு,

காத்திருக்காதே என்று எழுதியிருக்கிறாய். காத்திருக்காமல் என்ன செய்ய? திவ்யா என்னோடு பேசி நாலு நாளாகிறது. “அம்மா, கத்தி எடுக்கப்போறது டாக்டரா கம்ப்யூட்டரா?” என்று கேட்கிறாள். அவளுக்கு அப்பாவைப் பற்றிக் குழந்தைப் பருவத்து ஞாபகம்தான். எனக்கு அப்படியா?

அவர் அந்தக் கடையில் மெஷினுக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்து கிடந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திரை எரிந்துகொண்டே இருந்தது. நீதானே போய் அணைத்தாய்? அப்போது அதில் என்ன எழுதியிருந்தது என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

சீக்கிரம் பார். ரத்தம் ஆறரைதான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
பகவதி


கரமனை,
19-7-2003

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? ஈரலும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொல்கிறாள் சூடாமணி. ஈரலை நீ தொடமாட்டாய் என்று சொன்னேன்.

மெஷின் எழுந்துவிட்டது. தின்னப்பட்ட பதினேழு கோடுகளுக்கும் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்விட்சைப் போட்டேன். விசிறி முனகிக்கொண்டு சுற்றியது, கொஞ்ச நேரம் இருட்டு, பிறகு பச்சை எழுத்தில் ‘ஸ்ரீ கணபதி துணை’ என்று வந்தது. பின்னால் அத்தான் வந்து, “எந்தா டேய், ஓடுதா?” என்று கேட்கப்போகிறார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் அக்கா, அதில் தாள் எடுக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினோரு வருஷம் செத்துக் கிடந்த மெஷின். அது சொல்வதை வைத்து உயிர் சம்பந்தப்பட்ட காரியம் முடிவு செய்யலாமா? திவ்யா சொல்வது சரி. டாக்டரம்மாள் சொல்கிற நாளில் போய்ப் படு. செலவுக்கு நான் இருக்கிறேன், நானே வந்து கூட இருக்கிறேன்.

மற்றவை நேரில்.
திரவியம்


திருச்சி,
28-7-2003

திரவியத்துக்கு,

மெஷின் ஓடுகிறது, ஆனால் தாள் எடுக்க வேண்டாம்! இதற்கு என்ன அர்த்தம்? எனக்குக் கெட்ட காலம் என்று அதில் வந்திருக்கிறது, நீ மறைக்கிறாய். அதுதானே?

போன செவ்வாய் விடுதி சாப்பாட்டு அறையில் மயங்கி விழுந்தேன். சாம்பார் வாளியோடு விழுந்ததில் கை வெந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். எது வந்திருந்தாலும் அனுப்பு. தாள் வராமல் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன். இது உன் அத்தான் மேல் சத்தியம்.

பகவதி


கரமனை,
4-8-2003

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டதா? தாளை இதோடு வைத்திருக்கிறேன். பிரிண்டர் ரிப்பன் காய்ந்து போயிருந்தது, ரப்பர் ஸ்டாம்பு மையை ஊற்றி எடுத்தேன், அதனால் எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கும்.

நீ பயந்த மாதிரி எதுவும் இல்லை. உனக்கு நடப்பது குரு தசையில் சுக்கிர புத்தி. மிக நல்ல காலம் என்று போட்டிருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்துகொள். நாள் சொன்னால் புறப்பட்டு வருகிறேன்.

திரவியம்


திருச்சி,
25-8-2003

அன்புள்ள தம்பிக்கு,

கை ஆறிவிட்டது. உன் தாள் வந்த அன்று நல்லெண்ணெய் விளக்கு ஏற்றிக் கும்பிட்டேன். திவ்யா என்னைக் கட்டிக்கொண்டாள். அட்மிஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தபோது, என் முழு ஜாதகம் கைக்குக் கிடைத்தது. அத்தான் கடை திறந்த புதிதில் அதே மெஷினில் எடுத்துக் கொடுத்தது. எந்த தசை எந்த வருஷம் என்று பட்டியல் முழுவதும் அதில் இருக்கிறது. குருவில் சுக்கிர புத்தி எனக்குத் தொண்ணூறில் நடந்திருக்கிறது. இப்போது நடப்பது சனி தசை.

ஒரே மெஷின் இரண்டு பேச்சுப் பேசுமா? பேசாது. நீ தப்பான தேதியைக் கொடுத்து எடுத்திருக்கிறாய். நான் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்திருப்பாய், எனக்கு அது புரிகிறது. அதற்காக உன்மேல் கோபமில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு யோசனை என்னைத் தின்கிறது. உள்ளே இருக்கும் தேதி மாறினால் அது சொல்லும் பலனும் மாறும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். நீ ஜூன் மாதம் எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மெஷினுக்கு நாள் நினைவிருக்க ஒரு பேட்டரி, அது கசிந்துவிட்டது, எப்போது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, தொண்ணூற்றிரண்டில் அதற்குள் என்ன தேதி இருந்தது?

அத்தான் ஜாதகத்தின் முழுப் பட்டியல் என்னிடம் இல்லை. தன் ஜாதகத்தைத் தானே பார்க்கக் கூடாது என்று அவர் எடுக்கவே இல்லை. உடம்புக்கு வந்த பிறகுதான் ஒரு பக்கத் தாள் எடுத்தார். உண்மையை எழுது. எழுதாவிட்டால் எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

அக்கா


கரமனை,
5-9-2003

அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதக் கை வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

1980 ஜனவரி ஒன்று. அதுதான் அதற்குள் இருந்த தேதி. அந்த வகை மெஷின்களுக்குப் பேட்டரி செத்துவிட்டால் ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் 1980 ஜனவரி ஒன்றாம் தேதி, நள்ளிரவு பன்னிரண்டு மணி. நேற்று என்ற ஒன்றே அதற்கு இருக்காது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக ஓடும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தாளின் தலைப்பில் தேதியை அத்தான் பேனாவால் எழுதுவதுதான் வழக்கம், அதனால் வெளியே தேதி சரியாகவே இருந்தது.

எப்போது கசிந்தது என்று தெரியவில்லை என்று எழுதினேனே, அது பொய். தொண்ணூற்றிரண்டு மே மாதம் தூசி தட்டுவதற்காக நான்தான் மூடியைத் திறந்தேன். பேட்டரியில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். டிப்ளமோ முடித்த தலைக்கனம். அத்தான் கேட்டதற்கு, “அது வெறும் கடிகார பேட்டரியாக்கும். கையில வாட்ச் கெட்டியிருக்கீங்கல்லா, பின்னே மெஷினுக்கு எதுக்கு வாட்ச்?” என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்விட்ச் போட்டதும் மெஷின் தேதி கேட்கும். அது தொந்தரவு என்றார், அந்தக் கேள்வி வராதபடியும் நான்தான் செய்து கொடுத்தேன்.

ஜூலையில் டாக்டர் வால்வை மாற்ற வேண்டும் என்றார். அத்தான் மெஷினிடம் கேட்டார். அது 1980-க்கான பலனைச் சொன்னது. மாரக காலம், முடிய ஏழு மாதம் பன்னிரண்டு நாள். அக்கா, அது உண்மையான கணக்குத்தான், ஆனால் பன்னிரண்டு வருஷம் பழையது. அந்த மாரக காலம் எண்பது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அதற்குள்தான் வைகாசி மாதம் அவர் உன் கழுத்தில் தாலி கட்டினார்.

இன்னும் இருக்கிறது. மெஷினில் அவர் பெயரில் முப்பத்தெட்டு ஃபைல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தேதி 1980 ஜனவரி ஒன்று. மணி மட்டும் பன்னிரண்டு மூன்று, பன்னிரண்டு நாலு. அப்படியென்றால் ஸ்விட்ச் போட்ட மூன்றாவது நான்காவது நிமிஷத்தில் எடுத்தவை. தினமும் காலையில் கடை திறந்ததும், விளக்குக்கூட ஏற்றாமல், தன் ஜாதகத்தைத்தான் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டிலும் ஏழு மாதம் பன்னிரண்டு நாள் என்றே இருக்கிறது. ஒரு நாள்கூடக் குறையவில்லை.

முப்பத்தொன்பதாவது ஒன்றும் இருக்கிறது. அதில் பெயர் மட்டும்தான். உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை. நான் அணைத்தபோது திரையில் இருந்தது அதுதான்.

இதையெல்லாம் ஜூலை பதினேழாம் தேதியே பார்த்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று பயந்தேன். என்னைப் பற்றியும் பயந்தேன். ஒரு சின்ன பேட்டரியை மாற்றாமல் வாயடித்த என்னால்தான் அத்தான் போனார். நீ என்ன தண்டனை சொன்னாலும் சரி. ஆபரேஷனை மட்டும் செய்துகொள்.

திரவியம்


கரமனை,
11-10-2003

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஒரு வரி இல்லை. விடுதிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வார்டன் அம்மா பேசமாட்டார்கள் என்று ஒரு பெண் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை திவ்யா எடுத்து, “அம்மா உயிரோட இருக்கா மாமா, அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றாள்.

மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன். இப்போது சரியான தேதி காட்டுகிறது. போன திங்கட்கிழமை என்ன தோன்றியதோ, அத்தான் பெயரைக் கொடுத்து நடப்புப் பலன் கேட்டேன். வயது ஐம்பத்து மூன்று, யோக காலம், நீண்ட பயணம் உண்டு, ஆரோக்கியம் சிறக்கும் என்று வந்தது. அவர் செத்துப்போன சங்கதியை அதனிடம் யாரும் சொல்லவில்லையே அக்கா. அந்தத் தாளை என்ன செய்வது என்று தெரியாமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கடைக்குள் நுழையும்போதெல்லாம் அது இருக்கிற திசையைப் பார்க்காமல் போகிறேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கார்டு போடு.

உன் தம்பி


திருச்சி,
6-11-2003

தம்பி திரவியத்துக்கு அக்கா எழுதுவது.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சூடாமணியும் பிள்ளைகளும் சுகமா? என் உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் உன்னைச் சபித்தேன். சபித்தேன் என்றால் நிஜமாகவே மண்ணை வாரித் தூற்றாத குறை. பிறகு அந்த முப்பத்தெட்டு ஃபைல்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. அவர் பயந்துபோய்த் தினமும் பார்த்தார் என்றுதானே நீ நினைக்கிறாய்? அவர் எதற்குப் பார்த்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார் என்று உனக்கு எழுதினேன். பதினோரு வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். அவர் தள்ளிப்போடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டே வந்தார். அந்தத் தாளைக் காட்டி, “இதைப் பெரிசாட்டு எடுக்காண்டாம் பகவதி” என்று சிரித்ததும் அவர்தான். நான்தான் சீட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். “ஏழு மாசம் நெஞ்சு தாங்காதுட்டீ” என்று கெஞ்சினார். நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். “சரி, உங்க மெஷின் மிச்சம் ஆறு மாசம்னு சொல்லட்டும். அன்னைக்கே நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

அதற்காகத்தான் தம்பி தினமும் கேட்டிருக்கிறார். நான் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கும் நாள் நகரல்ல பகவதி” என்பார். நோயாளிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் ரசத்தைச் சூடு பண்ணப் போவேன். ஒரு நாளாவது, என்ன நகரவில்லை, எந்த நாள் நகரவில்லை என்று திரும்பிக் கேட்டிருந்தால் போதும். உடனே உன்னைக் கூப்பிட்டிருப்பேன், நீயும் வந்து பார்த்திருப்பாய். நான் கேட்கவில்லை. நீ ஒரு பேச்சுப் பேசினாய், அவ்வளவுதான். நான் முப்பத்தெட்டு சாயங்காலம் அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்தேன். உனக்கு நான் என்ன தண்டனை சொல்ல?

இதை அழுது அழுது திவ்யாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அரை நாள் கழித்து வந்து, “அப்பாவுக்குச் செஞ்சதை எனக்கும் செய்யாதம்மா” என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாளிடம் போனோம். நாளையும் நேரத்தையும் நீங்களே போடுங்கள் என்றேன். அவள் டயரியைப் புரட்டி, வருகிற பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி என்றாள். செவ்வாய்க்கிழமை மூன்றரை என்றால் நடு ராகு காலம். திவ்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ரொம்பப் பயமாக இருக்கிறது தம்பி. திங்கட்கிழமையே வந்துவிடு, திவ்யா தனியாக உட்கார்ந்திருப்பாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா பகவதி